கோலிக்குண்டைத் தாங்கும் காற்று

கோலி சோடாவுக்கு மூடி கிடையாது. உள்ளே அடைபட்டிருக்கும் வாயுவே கண்ணாடிக் குண்டைக் கீழிருந்து மேலே தள்ளி, கழுத்தின் உட்புறம் இருக்கும் ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. வாயு இருக்கும்வரை பாட்டில் மூடியிருக்கும். வாயு குறைந்தால் குண்டு தானாக இறங்கிவிடும். அதனால் குண்டு மேலே நின்றாலே சரக்கு நன்றாயிருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் குண்டை இறக்க எவ்வளவு பலம் வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 7 கிராம் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல காரமான சோடாவில் அவ்வளவு இருக்கும். 25 டிகிரி செல்சியஸில் பாட்டிலின் உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சுமார் மூன்றரை வளிமண்டலம் கூடுதலாக இருக்கும். வளையத்தின் துளை ஒரு சென்டிமீட்டர் விட்டம் என்றால் அதன் பரப்பு 0.79 சதுர சென்டிமீட்டர். ஆக, குண்டை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 2.8 கிலோ எடைக்குச் சமம். பெங்களூரு வி.வி.புரம் திண்டி பீதியிலோ சிவாஜிநகர் சந்தையிலோ சோடா உடைப்பவர், கட்டை விரலையோ மரக்கட்டையையோ வைத்து ஒரே தட்டில் இந்த விசையை வெல்கிறார்.

தட்டியதும் வரும் சத்தம், நெருக்கத்திலிருந்து விடுபடும் வாயுவின் சத்தம். அதே நொடியில் பாட்டிலின் வாயில் மெல்லிய புகை மூட்டம் தெரியும். சட்டென்று விரியும் வாயு கடுமையாகக் குளிர்ந்துபோகிறது. அந்தக் குளிரில் சுற்றியுள்ள ஈரம் நுண்துளிகளாகத் திரண்டு, புகை போலத் தெரிகிறது. இரண்டு நொடிகூட நீடிக்காத காட்சி அது. அடுத்த முறை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உடைக்கச் சொல்லிப் பாருங்கள்.

பழைய சோடாவைப் பற்றிப் பேசும்போது பெரியவர்களின் முகம் மலரும். ‘அந்த ருசி இப்ப எங்க வருது’ என்பார்கள். இதை வெறும் ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்த ஏக்கத்துக்குக் காரணமான பல விஷயங்களை அழுத்தமானியாலும் வெப்பமானியாலும் அளக்க முடியும். நரம்பிலும் மூளையிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியும். இந்த அத்தியாயம் அந்தத் தேடல்தான்.

பீர்த் தொட்டியிலிருந்து சோடா பாட்டிலுக்கு

1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பீர் ஆலை இருந்தது. நொதிக்கும் தொட்டிகளின் மேல் ஒரு கனமான வாயு தங்கி நிற்பதை அவர் கவனித்தார். அந்த வாயுவுக்குள் இரண்டு பாத்திரங்களைப் பிடித்துக்கொண்டு, டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதைப் போல, தண்ணீரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். தண்ணீரில் இனிமையான ஒரு சுரீர்ப்பு ஏறியது. செயல்முறையை 1772இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். கடலோடிகளுக்கு வரும் ஸ்கர்வி நோயை இந்த நீர் தீர்க்கும் என்று அவர் நம்பியது தவறாயிற்று. ஆனால் சோடா பிறந்துவிட்டது.

1783இல் ஜெனீவாவில் யாக்கோப் ஷ்வெப் என்பவர் அழுத்தும் பம்பு வைத்து இதைத் தொழிலாக்கினார். 1803இல் வில்லியம் ஹென்றி இதன் விதியை எழுதினார்: வெப்பநிலை மாறாதபோது, ஒரு திரவத்தின் மேலுள்ள வாயுவின் அழுத்தத்தை இரட்டித்தால் அதில் கரையும் வாயுவின் அளவும் இரட்டிக்கும். உலகத்தில் உள்ள எல்லா சோடா கம்பெனிகளும் இந்த ஒரு வரியை நம்பித்தான் நடக்கின்றன.

வாயுவைக் கரைப்பதைவிட, கரைந்ததை உள்ளேயே வைத்திருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தக்கை காய்ந்து சுருங்கினால் வாயு கசிந்துவிடும். தக்கை எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும் என்பதற்காக, நிற்கவே முடியாத முட்டை வடிவப் பாட்டில்களைச் செய்து படுக்க வைத்தார்கள். 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதற்கு முடிவு கட்டினார். அவர் காப்புரிமை பெற்ற பாட்டிலைத்தான் நாம் கோலி சோடா பாட்டில் என்கிறோம்.

அந்தப் பாட்டிலை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் சோடாவைவிடக் கண்ணாடி கனம். கழுத்துக்குக் கீழே ஓர் இடுக்கு. அது குண்டை அடிவரை விழவிடாமல் தடுக்கிறது. இடுக்குக்கு மேலே ஒரு பக்கமாக இரண்டு குழிகள். பாட்டிலைச் சாய்த்துக் குடிக்கும்போது அந்தக் குழிகளில் குண்டு தங்கிக்கொள்கிறது, வாயை அடைப்பதில்லை. குழி இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்துக் குடிக்க வேண்டும் என்று தெரியாதவர் பாட்டிலோடு போராடுவார். நிரப்பும் விதமும் அழகானது. பாட்டிலை இயந்திரத்தில் பொருத்தி, தண்ணீரையும் வாயுவையும் அழுத்தத்தோடு ஏற்றி, தலைகீழாகத் திருப்புவார்கள். குண்டு தன் எடையால் வளையத்தின் மேல் விழும். அந்த நொடியில் உள்ளழுத்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நிமிர்த்தினாலும் விழாது.

1892இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் தகர மூடியைக் கண்டுபிடித்த பிறகு, மேற்கு நாடுகளில் காட் பாட்டில் மெல்ல மெல்ல மறைந்தது. ஜப்பானில் ராமுனே என்ற பெயரில் அது இன்றும் வாழ்கிறது. இந்தியாவில் அது நிலைத்ததற்குக் காரணம் சிக்கனம். ஒவ்வொரு முறையும் புது மூடி வாங்க வேண்டாம், மூடி அடிக்கும் இயந்திரம் வேண்டாம். ஒரு கை இயந்திரமும், ஒரு கேஸ் சிலிண்டரும், நல்ல தண்ணீரும் இருந்தால் ஒரு தெருவுக்கு ஒரு கம்பெனி தொடங்கிவிடலாம்.

தண்டு இறங்கிய ஊர்

பெங்களூரில் 1809 முதல் பிரிட்டிஷ் படையின் தண்டு, அதாவது கண்டோன்மென்ட், இருந்தது. மதராஸ் படையோடும் அதைச் சார்ந்த தொழில்களோடும் வந்த தமிழர்கள் அல்சூர், சிவாஜிநகர் பக்கங்களில் குடியேறினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு விஸ்கியில் கலக்க சோடா வேண்டும். கிளப்புகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வேண்டும். படைமுகாம் இருந்த ஊரிலெல்லாம் சோடா தயாரிப்பு வேரூன்றியது இப்படித்தான்.

சோடா அப்போது நாகரிகப் பானம் மட்டுமல்ல. குழாய்த் தண்ணீர் இல்லாத காலத்தில் அது ஒரு பாதுகாப்பாகவும் கருதப்பட்டது. ஹெசரகட்டா ஏரியிலிருந்து பெங்களூருக்குக் குழாய்வழி நீர் வந்தது 1890களில்தான். அதுவரை கெரே எனப்படும் ஏரியும் கல்யாணி எனப்படும் படிக்குளமும் கிணறும்தான். கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகிறது, சோடாவின் பி.எச். மதிப்பு 4க்கு அருகே இறங்கிவிடும். காலராக் கிருமி அமிலத்தைத் தாங்காது. ஆகையால் பழங்கால நம்பிக்கையில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் எல்லாக் கிருமிகளும் காலராக் கிருமியைப் போல மெலிந்தவை அல்ல. அழுக்குத் தண்ணீரில் போட்ட சோடா அழுக்கு சோடாதான்.

அதே காலத்தில் அமெரிக்காவில் சோடா வேறொரு பாதையில் போனது. அங்கே மருந்துக்கடையின் நீண்ட மேசையில் பளிங்கும் வெள்ளிப்பூச்சுமாகக் குழாய் வைத்து, வாடிக்கையாளர் கண்ணெதிரே சோடாவைப் பிடித்து, பாகு கலந்து கொடுத்தார்கள். கோகோ கோலாவே 1886இல் அட்லாண்டாவில் அப்படிப்பட்ட ஒரு மருந்துக்கடை மேசையில்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. இளைஞர்கள் கூடிப் பேசும் இடமாக அந்த மேசைகள் விளங்கின. பெங்களூரில் அந்தச் சாயலுக்கு மிக அருகில் வந்தது 1930இல் தொடங்கிய லேக் வியூ மில்க் பார். அல்சூர் ஏரியைப் பார்த்தபடி இருந்ததால் அந்தப் பெயர், பின்னர் எம்.ஜி. சாலைக்கு வந்தது. மில்க் ஷேக்குக்கும் ஐஸ்கிரீமுக்கும் பேர்போன கடை. அப்படிப்பட்ட கடை கண்டோன்மென்ட் பக்கம் இருந்தவர்களுக்கு என்றால், கோலி சோடா வண்டி ஊருக்கே பொதுவானது. பசவனகுடியில் கார்த்திகை மாதம் நடக்கும் கடலைக்காய்ப் பரிஷே என்ற நிலக்கடலைச் சந்தையிலும், மாரியம்மன் கோயில் திருவிழாவிலும், மேடைப் பேச்சாளர் தொண்டை கட்டி நிற்கும் பொதுக்கூட்டத்திலும் அதுதான் நின்றது.

பெங்களூரு சோடா கும்மென்று இருப்பதேன்?

பெங்களூரில் சோடா நன்றாக ஏறும் என்று சொல்பவர்கள் உண்டு. காரணத்தைக் கணக்கில் தேடலாம்.

ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. ஹென்றியின் விதிப்படி, திறந்து வைத்த சோடாவில் தங்கும் வாயுவும் பத்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். உயரத்தை மட்டும் பார்த்தால் பெங்களூருக்கு நட்டம்தான்.

ஆனால் வெப்பநிலை அதைவிடப் பெரிய ஆள். கடல்மட்ட அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 25 டிகிரியில் சுமார் 1.45 கிராம் கார்பன் டை ஆக்சைடைத் தாங்கும். 35 டிகிரியில் 1.1 கிராம்தான். சென்னையின் கோடைப் பகலில் 35 டிகிரி சாதாரணம். பெங்களூரின் 25 டிகிரிப் பகலில், உயரத்தின் நட்டத்தைக் கழித்த பிறகும் 1.3 கிராம் மிஞ்சுகிறது. சென்னை சோடா குமிழி விட்டு அடங்கிய பிறகு தண்ணீரில் இருப்பதைவிட இது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அதிகம். பெங்களூரின் இதமான காற்றே அந்தக் காரத்தைக் காப்பாற்றுகிறது.

பாட்டிலுக்குள்ளும் இதே கதைதான். நாம் முன்பு பார்த்த அதே சோடாவை 5 டிகிரி ஐஸ் பெட்டியில் வைத்தால் கூடுதல் அழுத்தம் ஒன்றரை வளிமண்டலத்துக்கு இறங்கும். 35 டிகிரி வெயிலில் ஐந்தை நெருங்கும். வெயிலில் நின்ற வண்டிகளில் பாட்டில் வெடித்ததற்கும், கலவரங்களில் சோடா பாட்டில் ஆயுதமாக வீசப்பட்டதற்கும் இந்த அழுத்தமே காரணம். சோடா நிரப்பும் தொழிலாளர்களின் கண்ணையும் கையையும் அது பதம் பார்த்திருக்கிறது. பழைய சோடாவைப் பாராட்டும்போது அவர்கள் பட்ட காயத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

உப்பா, ஸ்வீட்டா?

லெமன் சோடா கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இது. உப்பு என்று சொல்லிவிட்டு அவர் கையைக் கவனியுங்கள். டம்ளரில் எலுமிச்சை பிழிந்து, உப்பைப் போட்டு, டம்ளரைச் சாய்த்துப் பாதி சோடாவை ஊற்றுவார். நுரை பொங்கி விளிம்பைத் தொடும். தணியும்வரை காத்திருந்து மீதியை ஊற்றுவார். ஸ்வீட் என்று சொல்லி, கரைத்து வைத்த பாகை ஊற்றினால் இவ்வளவு பொங்காது.

காரணம் உப்பின் கரகரப்பு. வாயு நிறைந்த தண்ணீரில் ஒரு குமிழி வெறுமையிலிருந்து பிறப்பது மிகக் கடினம். மிகச் சிறிய குமிழியைத் தண்ணீரின் பரப்பு இழுவிசை உடனே நசுக்கிவிடும். தொடங்குவதற்கு ஏற்கெனவே சிறிது காற்று தங்கிய ஒரு பொந்து வேண்டும். உப்புக் கல்லின் விரிசல்கள் ஆயிரக்கணக்கான பொந்துகளைத் தருகின்றன. சுத்தமான கண்ணாடி டம்ளரில்கூட ஓரிரு இடங்களிலிருந்து குமிழிகள் வரிசையாக எழுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அங்கே துடைத்த துணியின் நுண்ணிழை ஒன்று ஒட்டியிருக்கும். ஷாம்பெயின் குமிழிகளை ஆராய்ந்த பிரான்ஸின் ஜெரார் லிஜே-பெலேர் இதைப் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார். இரண்டு தவணையாக ஊற்ற வேண்டும் என்பதை நம் சோடாக்கடைக்காரர் கை அனுபவத்தில் கற்றுவைத்திருக்கிறார்.

நாக்கு சொல்வது

சோடாவின் சுரீர்ப்பு குமிழி வெடிப்பதால் வருகிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். 2013இல் பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பால் வைஸும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். அழுத்த அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து, அழுத்தத்தைக் கூட்டி, குமிழியே எழாத நிலையில் சோடாவைச் சுவைக்கக் கொடுத்தார்கள். சுரீர்ப்பு குறையவில்லை.

அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது? 2009இல் ஜெயராம் சந்திரசேகர், சார்லஸ் சூக்கர், நிக்கோலஸ் ரைபா ஆகியோரின் குழு ‘சயின்ஸ்’ இதழில் ஒரு விடை தந்தது. எலிகளின் நாக்கில் புளிப்பை உணரும் செல்களின் மேல் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 4 என்ற நொதி இருக்கிறது. கரைந்த கார்பன் டை ஆக்சைடை அது உடனுக்குடன் அமிலமாக்குகிறது. அந்த அமிலத்தையே செல் உணர்கிறது. அடுத்த ஆண்டு எமிலி லைமனின் குழு இன்னொரு பகுதியை விளக்கியது. கடுகின் நெடியை உணரும் டி.ஆர்.பி.ஏ.1 என்ற ஏற்பியை கார்பன் டை ஆக்சைடும் தூண்டுகிறது. சோடா மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வருவது வலி நரம்பின் வேலை.

இமயமலை ஏறுபவர்கள் உயர நோய்க்காக அசிட்டசோலமைடு மாத்திரை சாப்பிடுவார்கள். அது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியைத் தடுக்கும் மருந்து. அதைச் சாப்பிட்டவருக்கு உடைத்த கையோடு கொடுத்த சோடாகூடக் கேஸ் போன சோடாவாகத் தெரியும்.

பன்னீர் வாசம்

பன்னீர் சோடாவில் ஏக்கத்தின் இன்னொரு பாதி இருக்கிறது. பன்னீரின் மணத்துக்கு முக்கியக் காரணம் ஃபினைல் எத்தில் ஆல்கஹால் என்ற சேர்மம். குமிழி பரப்பில் வெடிக்கும்போது நுண்துளிகள் மேலே தெறிக்கின்றன; மணம் அவற்றோடு மூக்குக்குப் போகிறது. வாய்க்குள் வெடிப்பவை தொண்டை வழியாகப் பின்பக்கமாகவும் மணத்தை அனுப்புகின்றன.

மணத்தை மூளை எப்படிப் படிக்கிறது என்ற ஆய்வில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை இந்த ஊரில் நிறுவிய ஒபைத் சித்திக்கி, அதற்கு முன்பே மும்பையின் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் வெரோனிகா ரோட்ரிக்ஸுடன் சேர்ந்து, பழ ஈக்களின் மோப்பத்தையும் சுவையையும் மரபணு வழியாக ஆராய்ந்தவர். மணம் அறியும் திறன் கெட்ட ஈக்களைப் பிரித்தெடுத்து, எந்த மரபணு எந்த வேலையைச் செய்கிறது என்று தேடும் வழியை உலகுக்குக் காட்டியவர்களில் அவர்கள் முன்னோடிகள். அந்தப் பழ ஈக்கும் சோடா பிடிக்கும். தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை உணரும் சுவைச் செல்கள் அதற்கு உண்டு என்று 2007இல் கலிபோர்னியாவின் கிறிஸ்டின் ஸ்காட் குழு காட்டியது.

மனித மூளையில் பார்வையும் ஓசையும் தலாமஸ் என்ற இடைநிலையத்தைத் தாண்டியே மேலே செல்கின்றன. மோப்பத்துக்கு அந்தத் தடை இல்லை. உணர்ச்சிக்குரிய அமிக்டலாவையும், நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸை ஒட்டிய பகுதியையும் அது சில இணைப்புகளிலேயே எட்டிவிடுகிறது. 2006இல் சுவீடனின் யோஹான் வில்லாண்டரும் மரியா லார்சனும் முதியவர்களிடம் சொற்களையும் படங்களையும் மணங்களையும் கொடுத்து, நினைவுக்கு வருவதைச் சொல்லச் சொன்னார்கள். சொல்லும் படமும் பெரும்பாலும் 11 முதல் 20 வயது வரையிலான நினைவுகளைக் கிளறின. மணம் பத்து வயதுக்கும் முந்தைய நினைவுகளைக் கொண்டுவந்தது. பன்னீர் சோடாவின் முதல் மடக்கில் ஒரு தாத்தா ஏழு வயதுத் திருவிழாவுக்குப் போய்விடுவது கற்பனை அல்ல. மூளையின் அமைப்பே அப்படி.

எதைக் காப்பாற்றுவது?

1977இல் கோகோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்த இடைவெளியில் உள்ளூர் சோடாக்களும் கலர்களும் நன்றாகத் தழைத்தன. 1993இல் கோகோ கோலா திரும்பி வந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் ஆகியவற்றை வாங்கிக்கொண்டது. பிறகு பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. தெருமுனைச் சோடா கம்பெனிகள் பலவும் மூடப்பட்டன. ஆனாலும் 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் தாக்குப்பிடித்தது. 2017இல் தமிழ்நாட்டு வணிகர்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களைப் புறக்கணித்தபோது அதன் பொவொன்டோ என்ற பானத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. கர்நாடகத்தின் புத்தூரிலிருந்து வரும் ஜீரா சோடா இன்று பெங்களூரின் பெட்டிக்கடைகள் பலவற்றிலும் கிடைக்கிறது.

‘அந்த ருசி இல்லை’ என்ற குறையில் பிளாஸ்டிக்குக்கும் பங்கு உண்டு. அதன் சுவர் வழியாக கார்பன் டை ஆக்சைடு மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். பாட்டில் சிறியதாக இருந்தால் கொள்ளளவை ஒப்பிடப் பரப்பு அதிகம், கசிவும் விரைவு. கண்ணாடியில் இந்தக் கசிவு இல்லை. கோலி சோடாவின் ரப்பர் வளையம் சிறிது கசியவே செய்யும். ஆனால் பக்கத்துத் தெருவில் போட்ட சோடா சில நாளில் விற்றுவிடும் என்பதால் அது பொருட்டாகவில்லை.

அதே சமயம் பழைய பாட்டிலின் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குண்டும் இடுக்கும் இருப்பதால் உள்ளே பிரஷ் போகாது. ரப்பர் வளையத்தின் கீழே அழுக்கு தங்கும். வெந்நீரும் கிருமிநாசினியும் அழுத்தத்தோடு பீய்ச்சிக் கழுவும் இயந்திரம் இருந்தால்தான் அது முழுச் சுத்தமாகும். சுத்திகரித்த தண்ணீரில் முறையாகக் கழுவி நிரப்பும் சிறு கம்பெனிகள் இன்று உண்டு. அவர்கள் பிழைப்பது நம் கையில் இருக்கிறது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோடா வாங்கும்போது எந்தத் தண்ணீரில் போட்டது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். இனிப்புக் கலரைக் குறைத்து, சர்க்கரை சேராத உப்புச் சோடாவைக் கேளுங்கள். குடித்து முடித்ததும் கண்ணாடிப் பாட்டிலைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஒரே பாட்டில் பலமுறை கழுவி நிரப்பப்படும்வரைதான் உள்ளூர் சோடா கட்டுப்படியாகும். அது கட்டுப்படியாகும்வரைதான் நம் பேரப்பிள்ளைகளுக்கும் பன்னீர் சோடாவின் மணம் ஒரு நினைவாகும்.